இரண்டு விசில், ஒரு தீர்ப்பு: கூடைப்பந்து நடுவர்கள் சேர்ந்து முடிவெடுக்கும் முறை

வளையத்தை நோக்கி ஒரு பையன் பாய்ந்தான். தடுப்பவன் குறுக்கே வந்தான். மோதிய வேகத்தில் பந்து ஒரு பக்கமும் ஆட்கள் ஒரு பக்கமுமாக விழுந்தார்கள். இரண்டு விசில்கள் ஒன்றாக ஒலித்தன. கூடைக்குக் கீழே, கடைக்கோட்டில் நின்ற நடுவர் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக் காட்டினார்: பிளாக், தடுத்தவன் மேல் தவறு. மேலே, நடுக்கோட்டுப் பக்கம் நின்ற நடுவர் கையை முஷ்டியாக்கி உள்ளங்கையில் குத்தினார்: சார்ஜ், பாய்ந்தவன் மேல் தவறு.

இடுப்பில் கை வைத்தவன் நான். மாவட்ட அளவிலான ஜூனியர் ஆட்டம், சிமெண்டுத் தரை, கடைசி நிமிடம், இரண்டு புள்ளி வித்தியாசம். உள்ளங்கையில் குத்தியவர் என்னைவிடப் பதினைந்து ஆண்டு மூத்தவர். இரண்டு பயிற்சியாளர்களும் ஆளுக்கொரு நடுவரைச் சாட்சியாகப் பிடித்துக்கொண்டார்கள். அன்று பட்ட பாட்டிலிருந்துதான் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி வருகிறது.

புதிதாக விசில் எடுப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். விதிகள் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவினுடையவை. நம் ஊர் ஆட்டங்களில் பெரும்பாலும் இரண்டு நடுவர்கள்தான் கிடைப்பார்கள் என்பதால் இருவர் முறையை அடிப்படையாக வைத்திருக்கிறேன்.

## முதலில், தீர்ப்பு யாருடையது?

ஒவ்வொரு நடுவருக்கும் தன் பொறுப்புக்கு உட்பட்டதில் முடிவெடுக்கும் அதிகாரம் உண்டு. இன்னொரு நடுவர் எடுத்த முடிவை ஒதுக்கித் தள்ளவோ கேள்வி கேட்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. நடுவர்களுக்குள் கருத்து வேறுபட்டால் மட்டும் முதன்மை நடுவரின் சொல் இறுதி. அதைச் சொல்லுமுன் அவர் மற்ற நடுவரையும், ஸ்கோரும் நேரமும் பார்க்கும் டேபிளில் இருப்பவர்களையும், ஆட்டத்தை மேற்பார்க்கும் கமிஷனர் இருந்தால் அவரையும் கேட்டுக்கொள்ளலாம்.

ஒருவர் முடிவை இன்னொருவர் கேள்வி கேட்கக்கூடாது என்றால் சேர்ந்து வேலை செய்வது எப்படி? தகவலைக் கொடுத்துத்தான். பந்து கடைசியாக யார் விரலில் பட்டது என்பது நடந்த விஷயம். பார்த்தவர் பார்த்ததைச் சொல்லலாம். ஓர் உரசல் ஆட்டத்தைப் பாதித்ததா, தடுப்பவன் நியாயமாக நின்றானா என்பது தீர்ப்பு. அது நல்ல கோணத்தில் நின்றவருக்கே உரியது. துணை நடுவர், அதாவது உங்களோடு ஊதும் மற்ற நடுவர், தகவலைத் தருவார். அதைக் கேட்டுத் தன் முடிவை மாற்றுவதோ மாற்றாமல் இருப்பதோ ஊதியவர் பாடு. பின்னால் வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு பிரிவினையிலிருந்து கிளைப்பவைதான்.

## படி 1: ஆட்டத்துக்கு முன்பே பேசி முடியுங்கள்

ஆட்டம் தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போதே நடுவர்களின் அதிகாரம் தொடங்கிவிடுகிறது. இருவரும் உட்கார்ந்து பேசுவது அதற்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். நம்மில் பலர் இந்த நேரத்தை டீயிலும் ஊர்க்கதையிலும் கழித்துவிட்டு, “பார்த்துக்கொள்ளலாம் சார்” என்று எழுந்துவிடுகிறோம். நானும் அந்தப் பிழையைச் செய்தவன்தான்.

பேச வேண்டியது விதிப்புத்தகம் அல்ல. அது இருவருக்கும் தெரியும். பேச வேண்டியவை ஐந்தாறு கேள்விகள். மேலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே பாய்பவனை எந்த இடம் வரை நீங்கள் பார்ப்பீர்கள், எங்கிருந்து நான்? இரண்டு விசில் விழுந்தால் யார் எடுப்பது? என் கோட்டில் பந்து வெளியே போய், எனக்குத் தெரியவில்லை என்றால் உங்களிடம் எப்படிக் கேட்பேன்? நான் தவறான பக்கம் கை காட்டிவிட்டேன் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் எப்படி வருவீர்கள்? காலாண்டின் கடைசி நொடியில் எறியப்படும் பந்து யாருடையது? கத்துகிற பயிற்சியாளரிடம் யார் பேசுவது?

இவற்றுக்கு விடை தெரிந்திருந்தால் போதாது. இருவரும் ஒரே விடையை வைத்திருக்க வேண்டும்.

## படி 2: மைதானத்தைப் பங்கு போடுங்கள்

இருவர் முறையில் ஒருவர் லீட், இன்னொருவர் டிரெயில். தாக்கும் அணிக்கு முன்னால் ஓடிக் கூடைக்குக் கீழே கடைக்கோட்டுக்கு வெளியே நிற்பவர் லீட். ஆட்டத்துக்குப் பின்னால், அதன் இடப்புறமாக வருபவர் டிரெயில். பந்து திசை மாறினால் பெயர்களும் மாறிவிடும். கடைக்கோடும் தன் இடப்பக்கத்துப் பக்கக்கோடும் லீடுக்கு. நடுக்கோடும் தன் இடப்பக்கத்துக் கோடும் டிரெயிலுக்கு. எறியப்பட்ட பந்தின் போக்கு, கூடை விழுந்ததா, வளையத்தில் இருக்கும் பந்தை யாராவது தொட்டார்களா என்பதெல்லாம் டிரெயிலின் வேலை. கூடைக்குக் கீழே நடக்கும் தள்ளுமுள்ளு லீடின் வேலை.

கோடு பிரிப்பது சுலபம். கண்ணைப் பிரிப்பதுதான் கடினம். பத்து ஆட்டக்காரர்கள், நான்கு கண்கள். நான்கும் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் மீதி ஒன்பது பேர் தங்களுக்குள் வேறொரு விளையாட்டு விளையாடுவார்கள். பந்து உங்கள் பகுதியில் இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். அதைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கிய கூட்டம் இருக்கிறது. புதியவர்களுக்கு இது வரவே ஒரு சீசன் ஆகும். எனக்கு இரண்டு ஆனது.

பகுதியைவிடக் கோணம் முக்கியம். மோதும் இரண்டு பேருக்கும் இடையே இருக்கும் இடைவெளி உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒருவன் முதுகுக்குப் பின்னால் நேர்கோட்டில் நின்றால், ஒரு மீட்டர் பக்கத்தில் இருந்தும் ஒன்றும் தெரியாது. அப்போது ஏழு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நிற்கும் துணை நடுவர் பார்த்ததுதான் சரியாக இருக்கும். பக்கத்தில் நின்றவர் சொல்வதே சரி என்று பார்வையாளர்கள் வாதாடுவது பெரும்பாலும் இங்கேதான் பிசகுகிறது.

மூவர் முறையில் சென்டர் என்று ஒருவர் சேர்கிறார். லீடும் டிரெயிலும் பந்து இருக்கும் பக்கம் நிற்க, சென்டர் எதிர்ப்பக்கத்தில் ஃப்ரீ த்ரோ (தடுப்பாரின்றிக் கூடைக்கு எறியும் வாய்ப்பு) கோட்டுக்கு நேராக நிற்பார். பந்து அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டால் லீட் கடைக்கோட்டோடு நடந்து அங்கே மாறுவார். சென்டர் டிரெயிலாவார், டிரெயில் சென்டராவார். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ. 1988–89 சீசனிலிருந்து நிரந்தரமாக மூன்று நடுவர்களை வைத்திருக்கிறது. பந்தில்லாத பக்கத்தையும் ஒருவர் விடாமல் பார்ப்பதுதான் மூவர் முறையின் பெரிய லாபம்.

## படி 3: விசிலை வாயில் வைத்துக்கொண்டு பொறுங்கள்

ஒரு மோதலுக்கு ஆரம்பம், நடு, முடிவு என்று மூன்று உண்டு. முடிவை மட்டும் பார்த்தவர் விழுந்தவனுக்குப் பரிதாபப்பட்டு ஊதுவார். மூன்றையும் பார்த்தவர், விழுந்தவன்தான் இடித்தான் என்று அறிவார். ஆகவே ஆரம்பத்தைப் பார்க்காத மோதலுக்கு ஊதாதீர்கள்.

உங்கள் பகுதியில் நடந்தால் உடனே ஊதலாம். துணை நடுவர் பகுதியில் நடந்தால் ஒரு மூச்சு பொறுங்கள். முதல் உரிமை அவருக்கு. அவர் ஊதவில்லை, அதே சமயம் அதை விட்டால் ஆட்டமே கெட்டுவிடும் என்றால், அப்போது ஊதுங்கள். அவர் கோணம் மறைந்திருக்கலாம். அந்த ஒரு மூச்சு இருவரையும் காப்பாற்றும். முந்திரிக்கொட்டை போல முந்திக்கொண்டு ஊதுபவரோடு வேலை செய்வதுபோலச் சிரமம் வேறில்லை. துணை நடுவர் தன் பகுதியைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்.

இன்றைய விசில்களில் பல உள்ளே உருளும் குண்டு இல்லாதவை. அந்தக் குண்டு சிக்கிக்கொண்டு முக்கியமான ஆட்டத்தில் விசில் ஊமையாகிப்போன கடுப்பில், ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற கனடா நாட்டுக் கூடைப்பந்து நடுவர் குண்டில்லாத விசிலுக்கு அலைந்து, 1987இல் ‘ஃபாக்ஸ் 40’ என்று வெளியிட்டார். இப்போது ஊதினால் கேட்காமல் போக வழியில்லை; ஊதியது கேட்கவில்லை என்று தப்பிக்கவும் வழியில்லை.

## படி 4: இரண்டு விசில் விழுந்தால்

இரட்டை விசில் தவறு அல்ல. இருவரும் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அதற்கு அடுத்த நொடியில் செய்வதுதான் மானத்தைக் காப்பதும் வாங்குவதும்.

விசிலோடு ஒரு கையை நேராக உயர்த்துங்கள்: ஃபவுல் (எதிராளியை இடிப்பது, தள்ளுவது போன்ற தவறு) என்றால் மூடிய முஷ்டி, மற்ற விதிமீறல் என்றால் விரித்த உள்ளங்கை. அங்கேயே நிறுத்துங்கள். பிளாக், சார்ஜ் என்று எந்தச் சைகையும் வேண்டாம். முகத்தைத் திருப்பித் துணை நடுவரின் கண்ணைப் பாருங்கள். அவரும் முஷ்டியோடு நின்றால், மோதல் யாருடைய பகுதியோ, யாரை நோக்கி வந்ததோ, அவர் எடுப்பார். ஒரு கண்ஜாடை, ஒரு தலையசைப்பு போதும். மற்றவர் கையை இறக்கிவிட்டு ஆட்டக்காரர்களைக் கவனிப்பார். ஒரு நொடியில் முடிகிற காரியம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும்.

முஷ்டி ஒருவர், உள்ளங்கை ஒருவர் என்றால் வேறு கணக்கு. எது முதலில் நடந்தது என்று இருவரும் நெருங்கிப் பேச வேண்டும். பாயுமுன் அவன் டிராவல் (பந்தைத் தட்டாமல் கையில் வைத்தபடி நடப்பது) செய்திருந்தால், அதற்குப் பின் நடந்த சாதாரணத் தள்ளலுக்கு ஃபவுல் கொடுக்க முடியாது.

எல்லாவற்றிலும் மோசமானது எங்களுக்கு நடந்தது: இருவரும் எதிரெதிர்ச் சைகை காட்டிவிடுவது. அமெரிக்கப் பள்ளிகளின் விதியில் இதற்குத் தப்பிக்கவே முடியாது. இரண்டு பேர் மேலும் ஃபவுல் எழுதி, இரட்டை ஃபவுலாகவே முடிப்பார்கள். எங்கள் ஆட்டத்தில் மூத்தவர் என்னைத் தனியே நடுவட்டத்துக்கு அழைத்தார். ஆட்டக்காரர்களைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, டேபிளுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார். குரலை உயர்த்தவில்லை.

“தம்பி, நீ என்ன பார்த்தாய்? தீர்ப்பைச் சொல்லாதே. பார்த்ததைச் சொல்.”

“தடுத்தவன் கால் நகர்ந்தது சார்.”

“எந்தப் பக்கம்?”

“பக்கவாட்டில்.”

“மோதல் எங்கே விழுந்தது, நெஞ்சிலா தோளிலா?”

நான் மென்று விழுங்கினேன். எனக்கும் மோதலுக்கும் நடுவே பாய்ந்தவனின் கூட்டாளி ஒருவன் நின்றிருந்தான். கால்களைத்தான் பார்த்தேன், நெஞ்சைப் பார்க்கவில்லை. சொன்னேன்.

“எனக்கு நெஞ்சு தெரிந்தது. நேர் நடுவில். பாய்ந்தவன் தரையை விடுமுன்பே இவன் வந்துவிட்டான்.”

விதி அவர் பக்கம்தான். தடுப்பவன் எதிராளியை நேராகப் பார்த்து, இரண்டு காலும் தரையில் பட நியாயமான நிலையை எடுத்துவிட்டால், அதன் பிறகு பக்கவாட்டிலோ பின்னாலோ நகர உரிமை உண்டு. கால் நகர்ந்ததே தவறு என்று நினைத்தது என் பிழை. சார்ஜ் என்று முடித்தோம். டேபிளுக்குப் போய்ச் சொன்னவர் அவர். நான் அடுத்த த்ரோ-இன்னுக்கு, அதாவது கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போடும் இடத்துக்கு, போய் நின்றுகொண்டேன்.

அவர் கேட்ட கேள்விகளின் வரிசையைக் கவனியுங்கள். “நீ ஏன் பிளாக் கொடுத்தாய்” என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

## படி 5: உதவியைத் தகவலாகக் கொடுங்கள்

பந்து துணை நடுவரின் கோட்டைத் தாண்டிப் போகிறது. அவர் சிவப்புக்கு என்று கை காட்டுகிறார். நீங்கள் சிவப்புச் சட்டைக்காரனின் விரல்நுனியில் பந்து பட்டுத் திரும்பியதைப் பார்த்தீர்கள். தூரத்திலிருந்து தலையாட்டாதீர்கள், கையால் வேறு பக்கம் காட்டாதீர்கள். விசில் ஊதி, அவரிடம் நடந்து போங்கள். “சிவப்பு ஏழு கடைசியாகத் தொட்டான், விரல் மடங்கியதைப் பார்த்தேன்” என்று சொல்லுங்கள். அவர் ஒத்துக்கொண்டால் அவரே விசில் ஊதி, அவரே கையை மாற்றிக் காட்டட்டும். நூற்றுக்கு நூறு உறுதி இல்லையென்றால் கிளம்பவே கிளம்பாதீர்கள். இருவருக்குமே தெரியவில்லை, அல்லது ஒத்துப்போகவில்லை என்றால் விதியே வழி வைத்திருக்கிறது: அது ஜம்ப் பால் நிலைமை, அதாவது பந்து யாருக்கு என்று தீர்க்க முடியாத நிலைமை; அணிகளுக்கு மாறி மாறித் திரும்பும் டேபிள் அம்புக்குறி எந்தப் பக்கமோ பந்து அந்த அணிக்கு. அம்புக்குறியை நாடுவதில் வெட்கமே இல்லை.

எறியும்போது ஃபவுல் நடந்தால் உதவி இன்னும் அவசியம். லீட் உடல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தலைக்கு மேலே பந்து வளையத்துக்குள் போனதா என்று பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. தெரிந்தால் அவர் கண் தவறான இடத்தில் இருந்தது என்று பொருள். டிரெயில்தான் பார்த்து, அவர் டேபிளை நோக்கித் திரும்புமுன் “விழுந்தது” என்று சொல்ல வேண்டும். அதேபோல் எறிந்தவன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்றானா என்ற தகவலும். கோடு 6.75 மீட்டரில் இருக்கிறது, ஷூவின் முனை அதன்மேல் பட்டால் இரண்டு புள்ளிதான். மூன்று ஃப்ரீ த்ரோவா இரண்டா என்பது அந்த ஷூ முனையில் இருக்கிறது.

## படி 6: டேபிளும் உங்கள் ஆட்கள்தான்

ஸ்கோர் எழுதுபவர், அவருக்கு உதவியாளர், ஆட்ட நேரம் பார்ப்பவர், தாக்கும் அணி கூடைக்கு எறிய வேண்டிய 24 நொடியை எண்ணும் கடிகாரத்தை இயக்குபவர். இவர்களை மறந்துவிட்டு நடுவர்கள் மட்டும் ஒத்துப்போவதில் பயனில்லை. எந்த அளவுக்குப் பயனில்லை என்பதற்கு, அமெரிக்காவும் சோவியத் யூனியனும் மோதிய 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தைவிடப் பெரிய பாடம் இல்லை.

அமெரிக்காவின் டக் காலின்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டு 50–49 என்று அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தபோது மீதி மூன்று நொடி. இரண்டாவது ஃப்ரீ த்ரோவின்போதே டேபிளிலிருந்து ஹாரன் ஒலித்தது. பிரேசில் நடுவர் ரெனாட்டோ ரிகெட்டோ டேபிள் பக்கம் திரும்பிப் பார்த்தார், ஆட்டம் நிற்கவில்லை. டைம்-அவுட் கேட்டோம், கொடுக்கவில்லை என்று சோவியத் தரப்பு டேபிளில் முற்றுகையிட்டது. அந்தக் களேபரத்தைப் பார்த்து பல்கேரிய நடுவர் ஆர்டெனிக் அரபாஜியான் ஒரு நொடி மீதி இருக்கும்போது ஆட்டத்தை நிறுத்தினார். அதன் பின் ஃபிபாவின் பொதுச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் இறங்கி வந்து, கடிகாரத்தை மூன்று நொடிக்குத் திருப்பச் சொன்னார். கடிகாரம் இன்னும் சரிசெய்யப்பட்டு முடியவில்லை. அதற்குள் பந்தைக் கொடுத்துவிட்டார்கள். ஹாரன் ஒலித்தது, அமெரிக்கர்கள் குதித்தார்கள். மறுபடி மூன்று நொடி. சோவியத்தின் இவான் எடெஷ்கோ மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு எறிந்தார், அலெக்சாண்டர் பெலோவ் பிடித்துப் போட்டார். 51–50, சோவியத்துக்கு வெற்றி. ரிகெட்டோ ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட மறுத்தார். அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அரசியலாகவே பேசப்படும் இந்தச் சம்பவத்தை ஒரு நடுவரின் கண்ணால் பாருங்கள். முதல் ஹாரன் ஒலித்ததும் எல்லாவற்றையும் நிறுத்தி, டேபிளைக் கேட்டு, கடிகாரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பந்தைக் கொடுத்திருந்தால் பாதிக் குழப்பம் பிறந்திருக்காது. டேபிளிலிருந்து ஹாரன் வந்தால் போய் விசாரியுங்கள். பந்தை ஆட்டக்காரர் கையில் கொடுக்குமுன் இருவரும் கடிகாரத்தைப் பாருங்கள். டேபிளிலிருந்து கட்டைவிரல் உயர்ந்ததா என்று பாருங்கள். கடைசி நிமிடத்தில் இதைச் சத்தமாகவே சொல்லிக்கொள்ளலாம்: “3.4 நொடி, 24 கடிகாரம் அணைந்திருக்கிறது, நீலம் பந்து.”

## படி 7: வீடியோ இருந்தாலும் முதலில் முடிவெடுங்கள்

மறுஒளிபரப்பு வசதி உள்ள ஆட்டங்களில், திரைக்குப் போகுமுன் மைதானத்தில் ஒரு முடிவு இருக்க வேண்டும் என்கிறது ஃபிபா. தெளிவான காட்சி கிடைத்தால்தான் அது மாறும். இல்லையென்றால் முதல் முடிவே நிற்கும். திரை இருக்கிறதே என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பவருக்கு, காட்சி மங்கலாக வந்தால் போக்கிடம் கிடையாது.

2018 மே 31 அன்று நடந்த என்.பி.ஏ. இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தை நினைவிருக்கலாம். கிளீவ்லாண்ட் இரண்டு புள்ளி முன்னிலை, மீதி 36.4 நொடி. பாய்ந்து வந்த கோல்டன் ஸ்டேட்டின் கெவின் டியூரன்டின் குறுக்கே கிளீவ்லாண்டின் லெப்ரான் ஜேம்ஸ் நின்றார். சார்ஜ் என்று முடிவு. கூடைக்குக் கீழே, தடுப்பவருக்குச் சார்ஜ் கிடைக்காத அரைவட்டத்துக்குள் நின்றாரா என்று பார்க்க நடுவர்கள் திரைக்குப் போனார்கள். வெளியேதான் நின்றிருந்தார். ஆனால் அந்தக் காரணத்துக்காகத் திரைக்குப் போய்விட்டால், அவர் நின்ற நிலை சரியா என்பதையும் பார்க்க அன்றைய விதி இடம் தந்தது. சார்ஜ் பிளாக் ஆனது. டியூரன்ட் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டார், 104–104. கூடுதல் நேரத்தில் கோல்டன் ஸ்டேட் 124–114 என்று வென்றது. விதிப்படி குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொரு கேள்விக்கு விடையோடு திரும்பியவர்களை மைதானம் எப்படிப் பார்க்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திரைக்குப் போனாலும், நடுவட்டத்தில் கூடிப் பேசினாலும், எதற்காகப் போகிறோம், என்ன முடிவாயிற்று என்று இரண்டு பயிற்சியாளர்களுக்கும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

## படி 8: விட்டுக்கொடுப்பதும் விட்டுக்கொடுக்காததும்

இரட்டை விசிலில் விட்டுக்கொடுங்கள்; பயிற்சியாளர் முன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். “அவர் ஏன் அதை ஊதினார்?” என்று உங்களிடம் கேட்பார்கள். “எனக்குத் தெரியாது, அவரைக் கேளுங்கள்” என்றால் துணை நடுவரைக் குழியில் தள்ளிவிட்டீர்கள். தோளைக் குலுக்குவதும், உதட்டைப் பிதுக்குவதும் அதே கணக்குத்தான். “அவர் கோணத்தில் அவர் பார்த்தார் சார், அடுத்த டைம்-அவுட்டில் பேசலாம்” என்பது போதும். அதற்காகப் பொய் சொல்லவும் வேண்டாம்; பார்க்காததைப் பார்த்தேன் என்று சாட்சி சொல்லிக் காப்பாற்றினால், அடுத்த ஆட்டத்தில் உங்கள் சாட்சிக்கு மதிப்பு இருக்காது.

ஒருவர் தடுமாறினால் அடுத்த சில நிமிடங்களுக்கு மற்றவர் சற்று நெருங்கி நடக்கலாம், பந்து நிற்கும்போது இரண்டு வார்த்தை பேசலாம். ஈடுகட்டும் விசில் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு தப்பான ஃபவுலைச் சரிக்கட்ட எதிரணி மேல் இன்னொன்று கொடுத்தால், இரண்டு அணியுமே உங்கள்மேல் கோபத்தோடு போகும்.

## படி 9: ஆட்டம் முடிந்தபின்

முதன்மை நடுவர் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்திட்டதும் அந்த ஆட்டத்தோடு உங்கள் உறவு முடிகிறது. அதன் பிறகு பேசுங்கள். மூன்று விஷயம் போதும்: எந்த இரட்டை விசில் நன்றாகப் போனது, எது போகவில்லை, யார் எங்கே நின்றிருந்தால் நன்றாகத் தெரிந்திருக்கும். கைபேசியில் யாராவது எடுத்த வீடியோ இருந்தால் பந்தைப் பார்க்காமல் நடுவர்களை மட்டும் ஒருமுறை பாருங்கள்.

அன்று இரவு விளக்கு அணைக்குமுன் மூத்தவர் என்னை மறுபடி அந்தக் கடைக்கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு தண்ணீர்ப் பாட்டிலைத் தடுத்தவன் இடத்திலும், என் விசில் கயிற்றை நடுவில் நின்ற கூட்டாளியின் இடத்திலும் வைத்தார். நான் நின்ற இடத்தில் என்னை நிறுத்தி, “பாட்டில் தெரிகிறதா?” என்றார். அடிப்பாகம் தெரிந்தது, மேலே தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். தோளைப் பிடித்து இரண்டு தப்படி இடப்பக்கம் நகர்த்தினார். “இப்போது?”